மாஜூலி படகுப் போக்குவரத்து: ஒற்றை எஞ்சின் படகுகளுக்குத் தடை ஏன்?

அசாம் மாநிலம் ஜோர்ஹாட் அருகே உள்ள நிமாத்தி படகுத்துறையையொட்டி, பிரம்மபுத்திரா நதியில் 2021 செப்டம்பர் 8-ஆம் தேதி இரு படகுகள் மோதிக்கொண்டன. மாஜூலி தீவை நோக்கிச் சென்ற தனியார் படகும், அங்கிருந்து வந்த அரசுப் படகும் மோதியதில் தனியார் படகு கவிழ்ந்து, உயிரிழப்பு ஏற்பட்டது. இதையடுத்து, ஒற்றை எஞ்சின் பொருத்தப்பட்ட தனியார் பயணிகள் படகுகளை இயக்க மாநில அரசு தடை விதித்தது.

ஆற்றில் ஓடும் மரப்படகுகள் பலவற்றில், கப்பல்களுக்கென வடிவமைக்கப்பட்ட எஞ்சின்கள் இல்லை. தரையில் பயன்படும் டீசல் எஞ்சின்களே மாற்றிப் பொருத்தப்படுகின்றன. பின்னோக்கி இயக்கும் வசதி இல்லாத படகு, எதிரே மற்றொரு கலம் வரும்போது உடனடியாக வேகத்தைக் குறைக்கவோ பின்வாங்கவோ இயலாது. இருக்கும் ஒரே எஞ்சினும் நின்றுவிட்டால் சுக்கானால் அதிகப் பயன் இல்லை. நீரோட்டம் இழுத்த திசையில்தான் படகு செல்லும். மழைக்கால பிரம்மபுத்திராவில் அந்த நீரோட்டம் மிகக் கடுமையானது.

சுமை ஏற்றும் முறையும் ஆபத்தைக் கூட்டுகிறது. மோட்டார் சைக்கிள்கள், மூட்டைகள், கூரை மீது அமரும் பயணிகள் என மேற்பகுதியில் எடை ஏற ஏற, சிறிய சாய்வுகூடப் படகைக் கவிழ்க்கப் போதுமானதாகிறது. அப்போது கீழ்த்தளத்தில் இருப்போர் வெளியேறுவது கடினம். அசாமின் துப்ரி பகுதியில் 2012 ஏப்ரல் 30-ஆம் தேதி புயலில் சிக்கிய படகு கவிழ்ந்து 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதில் உயிர்காப்பு அங்கிகள் இல்லை என்பது அப்போதே பேசப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பேச்சுதான் எழுந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. நிமாத்தி விபத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்புதான், 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக உள்நாட்டு நீர்வழிக் கலங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. கலங்களின் பதிவு, தகுதிச் சோதனை, பணியாளர் தகுதி, காப்பீடு ஆகியவற்றுக்கு நாடு முழுவதும் ஒரே நடைமுறையை அது வகுக்கிறது. ஆயினும், படகு புறப்படும் நேரத்தில் ஆட்களை எண்ணி, அளவு மீறினால் நிறுத்துவதற்குப் படகுத்துறையில் ஒருவர் இருக்க வேண்டும்.

தடையால் மட்டும் சிக்கல் தீராததற்குக் காரணம் மாஜூலியின் அமைப்பு. 2016-இல் தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்ட இத்தீவில், கல்லூரி மாணவர் முதல் காய்கறி வியாபாரி வரை பலரும் ஜோர்ஹாட்டையே நம்பியுள்ளனர். நிமாத்தியிலிருந்து நதி வழியே 12 கி.மீ. தொலைவு; சாலை வழியே சுற்றிச் சென்றால் சுமார் 420 கி.மீ. என மத்திய அரசு 2021-இல் தெரிவித்தது. தனியார் படகுகள் நிறுத்தப்பட்டால், அந்தக் கூட்டம் முழுவதும் எஞ்சிய படகுகளில்தான் ஏறும்.

வாகனங்களையும் பயணிகளையும் சேர்த்து ஏற்றும் ரோ-பாக்ஸ் கப்பல் சேவை இவ்வழியில் 2021 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆனால் பெரிய கலத்துக்கு ஆழமான நீரும் உறுதியான துறையும் தேவை. கரையை அரித்து, மணலைக் குவித்து ஆண்டுதோறும் தடம் மாறும் நதியில் இரண்டும் நிலைப்பதில்லை. துறைகளே இடம் மாற்றப்படுகின்றன.

ஜோர்ஹாட்டையும் மாஜூலியையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. நீள இருவழிப் பாலத்துக்கான பூமி பூஜையும் அதே மாதத்தில் நடைபெற்றது. நான்கு ஆண்டுகளில் முடிக்கத் திட்டமிடப்பட்ட பணி அந்தக் காலத்துக்குள் நிறைவடையவில்லை. மாலைக்குள் கடைசிப் படகு சென்றுவிட்டால், ஜோர்ஹாட் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோயாளிகள் பெரும்பாலும் மறுநாள் காலை வரை காத்திருக்க நேரிடுகிறது.