மாதவிடாய் நின்ற பின் இதயத்தையும் கவனிப்போம்

மாதவிடாய் நிற்கும் வயதில் உடல் சூடு, தூக்கமின்மை பற்றி நம் வீட்டுப் பெண்கள் பேசுகிறார்கள். இதயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அதுவரை இரத்தக் குழாய்களுக்குத் துணையாக இருந்த ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கெட்ட கொழுப்பு கூடுகிறது. வயிற்றில் சதை சேர்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏற வாய்ப்பு உண்டு.

இதற்குச் சோயா நல்லது என்று பலரும் நம்மிடம் கேட்கிறார்கள். சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோன், ஈஸ்ட்ரோஜனைப் போல மிக லேசாகச் செயல்படும். தினமும் 25 கிராம் சோயாப் புரதம் சாப்பிட்டால் கெட்ட கொழுப்பு 3 முதல் 4 சதவீதம் குறையலாம், அவ்வளவுதான். ஐசோஃப்ளேவோன் மாத்திரைகளை அமெரிக்க இதயச் சங்கம் 2006-லேயே பரிந்துரைக்க மறுத்துவிட்டது.

ஆகவே மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்தை அடுப்படிக்குத் திருப்புவோம். கொள்ளுப் பருப்பு, கம்பு, சோளம், கீரை, எள் ஆகியவை நம் கொங்குச் சமையலில் உள்ளவையே. இவற்றின் நார்ச்சத்து கொழுப்பையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்த உதவும். நோன்புக் கஞ்சிக்குப் போடும் வெந்தயத்தை மற்ற மாதங்களிலும் சேர்க்கலாம். பிரியாணிக்கு டால்டா வேண்டாம்; உப்பும் அளவோடு இருக்கட்டும்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுச் சோயா சாப்பிட வேண்டும்.

உணவு மட்டும் போதாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொழுப்புப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியோடுதான் வரும் என்பதில்லை. மூச்சுத்திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி திடீரென வந்தால் 'வாயு' என்று ஒதுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.