சம்பளம் கிடையாது, ஆனாலும் போட்டா போட்டி!
உலக விளையாட்டுப் போட்டியில் தொண்டர் வேலை: நம் ஊர்ப் பிள்ளைகளும் போகலாம்!

குஜிலியம்பாறை, –

சம்பளம் ஒரு பைசா கிடையாது. மணிக்கணக்கில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மைதானத்துக்குள்ளே ஆட்டம் நடக்கும். இவர்களோ வாசலில் நின்று ஜனங்களுக்கு வழி காட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒரு கோல் கூட கண்ணில் படாமல் போகலாம்!

இப்படி ஒரு வேலைக்கு யார் வருவார்கள் என்கிறீர்களா? லட்சக்கணக்கில் வருகிறார்கள்!

2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் 70 ஆயிரம் பேர் இந்த வேலையைப் பார்த்தார்கள். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 45 ஆயிரம் பேர். மனு போட்டவர்களோ அதைப்போல் பல மடங்கு! கத்தாரில் 2022-ல் நடந்த உலகக் கோப்பை கால்பந்துக்கு 20 ஆயிரம் பேர்.

இவர்களுக்குப் பெயர்தான் "தன்னார்வத் தொண்டர்கள்". கட்சித் தொண்டர் அல்ல, விளையாட்டுத் தொண்டர்!

மாமல்லபுரத்தில் "தம்பி"

"அதெல்லாம் சீமையில் நடக்கிற சமாச்சாரம். நமக்கு எதுக்கய்யா?" என்று டீக்கடை பெஞ்சில் கேட்பவர் உண்டு. சீமைக்குப் போகவே வேண்டாம். நம் மாமல்லபுரத்திலேயே நடந்ததே!

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-வது செஸ் ஒலிம்பியாட் அங்கே நடந்தது. முதலில் ரஷ்யாவுக்குப் போன போட்டி அது. உக்ரைன் யுத்தம் வந்ததும் அங்கிருந்து பறிபோனது. மார்ச் மாதம் சென்னைக்குக் கிடைத்தது. கையில் இருந்ததோ நாலு மாதம்தான்!

ஓபன் பிரிவில் 188 அணிகள். பெண்கள் பிரிவில் 162 அணிகள். ஆட வந்தவர்கள் 1,700 பேருக்கு மேல். ஒரு சுற்று தொடங்கினால் சுமார் 700 பலகைகளில் ஒரே நேரத்தில் காய் நகரும். இப்படி 11 சுற்றுகள்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடுராத்திரியில் விமானம் இறங்குகிற ஆட்டக்காரரை யார் வரவேற்பது? ஓட்டலில் இருந்து சரியான பஸ்சில் யார் ஏற்றுவது? மண்டபத்துக்குள் போகிறவரிடம் "சார், செல்போன் உள்ளே கூடாது" என்று யார் பக்குவமாகச் சொல்வது? இந்த மாதிரி வேலைக்குத்தான் தொண்டர்கள்.

அந்தப் போட்டியின் சின்னத்துக்கு வைத்த பெயர் "தம்பி". வேட்டி, சட்டை போட்டுக் கைகூப்பி நிற்கிற குதிரை. பொருத்தமான பெயர்தான்! கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை பார்க்கிற பிள்ளையை நாம் "தம்பி" என்றுதானே கூப்பிடுகிறோம்?

அந்தப் போட்டியில் முதல் பலகையில் தங்கம் வாங்கிய சென்னைப் பையன் குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியனே ஆகிவிட்டார்.

பக்கத்து மதுரைக்கே வந்தது!

அதோடு முடியவில்லை. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்களுக்கான ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மொத்தம் 24 நாட்டு அணிகள். ஜெர்மனிக்குக் கோப்பை, இந்தியாவுக்கு வெண்கலம். குஜிலியம்பாறையில் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் மாறினால் மதுரை. உலகக் கோப்பை அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது!

அடுத்து 2030-ல் காமன்வெல்த் போட்டி ஆமதாபாத்தில் நடக்கப்போகிறது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளில் பலர் அப்போது 18 வயதைத் தாண்டி இருப்பார்கள். பெரிய போட்டிகளில் தொண்டராக வழக்கமாகக் கேட்கிற வயது அதுதான்.

நமக்குத் தெரியாத வேலையா?

தொண்டு வேலை நம் பிள்ளைகளுக்குப் புதிது அல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற பக்தர்களுக்கு ரோட்டோரம் பந்தல் போட்டுத் தண்ணீரும் மோரும் கொடுப்பவர்கள் யார்? கபடிப் போட்டிக்குக் கோடு போட்டு, மைக் பிடித்து, விடிய விடிய கூட்டத்தை அடக்கி நிற்பவர்கள் யார்? இவர்களே! உலகப் போட்டியிலும் இதே வேலைதான். யூனிபாரம் உண்டு, கழுத்தில் அடையாள அட்டை உண்டு. அதுதான் வித்தியாசம்.

இங்கிலீஷ் கொஞ்சம் பேசத் தெரிந்தால் நல்லது. ஆனால் தமிழ்நாட்டில் போட்டி நடந்தால், வருகிற கூட்டத்தில் பெரும் பகுதி தமிழ் பேசுகிற கூட்டம். அவர்களுக்கு வழி சொல்லத் தமிழ் தெரிந்த ஆள் கட்டாயம் வேண்டும்.

கையைக் கடிக்கும் கணக்கு

இனி கசப்பான விஷயத்துக்கு வருவோம். தொண்டருக்கு யூனிபாரம் கிடைக்கும். வேலை நாளில் சாப்பாடு கிடைக்கும். ஆனால் பாரீசில் பயணச் செலவும் தங்குகிற செலவும் தொண்டர் தலையில்தான் விழுந்தது. பல போட்டிகளில் இதே நிலைதான்.

அப்பா, அம்மா பணம் கொடுக்கிற காலேஜ் பையன் போய்விடுவான். வேடசந்தூர் பக்கம் மில்லில் ஷிப்ட் பார்க்கிற பெண் போக முடியுமா? இரண்டு வாரம் லீவு போட்டால் இரண்டு வாரச் சம்பளம் போச்சே! கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்டி நடத்துகிறவர்கள், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் சார்ஜும் தங்க இடமுமாவது கொடுத்தால் என்ன? இல்லாவிட்டால் தொண்டு என்பது வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளின் சொத்தாகிவிடும்.

உஷார்! உஷார்!

இன்னொன்று. "உலகக் கோப்பையில் வேலை வாங்கித் தருகிறேன், 5 ஆயிரம் கட்டு" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். தொண்டர் வேலைக்கு ஏஜெண்டும் கிடையாது, கமிஷனும் கிடையாது. போட்டி நடத்துகிற அமைப்பே நேரடியாக அறிவிப்பு கொடுக்கும். மனுவை அங்கேதான் போட வேண்டும்.

கல்லூரியில் படிப்பவர்கள் என்.எஸ்.எஸ். அதிகாரியைக் கேட்கலாம். 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம்தான் அது. மத்திய அரசின் "மை பாரத்" இணையதளத்திலும் இளைஞர்கள் பெயரைப் பதிந்து வைக்கலாம்.

முடிவில் ஒரு சர்ட்டிபிகேட் கிடைக்கும். அதைக் காட்டினால் உடனே வேலை கிடைத்துவிடும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆனால் முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரரிடம் பயம் இல்லாமல் பேசப் பழகிவிட்டால், நாளைக்கு எந்த ஆபீஸ் இன்டர்வியூவிலும் நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

2030-க்கு இன்னும் காலம் இருக்கிறது. மனு போடுவதற்கு முன்னால் பிள்ளைகள் பழக வேண்டியது இங்கிலீஷ். பெரியவர்கள் செய்ய வேண்டியது, "சம்பளம் இல்லாத வேலைக்கு எதுக்குடா போறே?" என்று அவர்களைத் தடுக்காமல் இருப்பது!