பிதற்றலில் பிறந்த பாட்டு

‘சர்ஃபின் பேர்ட்’ என்பது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரைச் சேர்ந்த ‘தி டிராஷ்மென்’ குழு 1963இன் இறுதியில் வெளியிட்ட ராக் பாடல். இரண்டரை நிமிடம்கூட ஓடாது. ஊரெல்லாம் ஒரு பறவையைப் பற்றித்தான் பேச்சு என்பதைத் தவிர அதில் சொல்லப்படும் சங்கதி எதுவும் கிடையாது. கார் ஷெட்டில் பயிற்சி எடுத்து, நடன அரங்குகளில் வாசித்த இளைஞர்களின் முரட்டு இசைக்குப் பின்னாளில் ‘கராஜ் ராக்’ என்று பெயர் வந்தது. அந்த வகையில் கேட்பவரை இந்த அளவுக்குச் சிரிக்க வைத்த பாடல் வேறொன்றைச் சொல்வது கடினம்.

பாட்டின் வேர் மினியாபொலிஸில் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ‘தி ரிவிங்டன்ஸ்’ என்ற கறுப்பினப் பாடகர் நால்வர், 1962இல் ‘பாப்பா ஊம் மௌ மௌ’ என்ற பாடலையும், மறு ஆண்டு ‘தி பேர்ட்ஸ் தி வேர்ட்’ என்ற பாடலையும் வெளியிட்டிருந்தார்கள். கனத்த அடிக்குரலில் அர்த்தமில்லாத அசைகளை அடுக்கிக்கொண்டே போவது அவர்களுடைய தனி வித்தை. பறவைப் பாட்டை வேறொரு குழு மேடையில் வாசிக்கக் கேட்ட டிராஷ்மென் அதைத் தாங்களும் எடுத்துக்கொண்டார்கள். டிரம்ஸ் வாசித்தபடியே பாடும் ஸ்டீவ் வாரர் இரண்டு பாடல்களையும் ஒன்றாக இணைத்து, வேகத்தைக் கூட்டினார். அதைக் கேட்ட வானொலி அறிவிப்பாளர் பில் டீல், உடனே ஒலிப்பதிவு செய்யச் சொன்னார்.

வாரர் சேர்த்த சொந்தச் சரக்கு பாட்டின் நடுவே வருகிறது. கிட்டாரும் டிரம்ஸும் சட்டென்று நின்றுவிட, குரல் மட்டும் தனியே மாட்டிக்கொள்கிறது. தொண்டை கரகரக்கிறது, உதடுகள் படபடக்கின்றன, மூச்சுத் திணறுவதுபோல் ஓர் இழுப்பு. பாட்டு இத்தோடு குலைந்துவிட்டது என்று கேட்பவர் நினைக்கும்போது, அந்தத் திணறலுக்குள்ளிருந்தே ‘பாப்பா ஊம் மௌ மௌ’ அசைகள் தாளத்தோடு பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன. அங்கே சிரிப்பு வருவதற்குக் காரணம் கோமாளித்தனம் மட்டுமல்ல. டிராஷ்மென் தேர்ந்த வாத்தியக்காரர்கள். தாளத்தில் இம்மியும் பிசகவில்லை. அந்தக் கட்டுக்கோப்பு இல்லாவிட்டால் நடுவில் வரும் பிதற்றல் வெறும் சத்தமாகவே போயிருக்கும்.

1964 ஜனவரியில் பாட்டு பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடத்தைப் பிடித்தது. அடுத்த மாதமே பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்க, ரசிகர்களின் ரசனை வேறு பக்கம் திரும்பியது. டிராஷ்மென்னுக்கு அந்த அளவு வெற்றி மறுபடி கிட்டவில்லை.

ஆனால் பாட்டு ஓயவில்லை. எழுபதுகளில் மெருகேறிப்போன ராக் இசையில் சலித்த பங்க் இளைஞர்களுக்கு, மூன்று நிமிடத்துக்குள் முடியும் வேகமும் வெட்கமில்லாத கத்தலும் தேவைப்பட்டன. இரண்டும் இதில் தயாராக இருந்தன. ரமோன்ஸ் குழு 1977இல் தனது ‘ராக்கெட் டு ரஷ்யா’ ஆல்பத்தில் இதைப் பாடியது. அடுத்த ஆண்டு கிராம்ப்ஸ் குழுவும் வெளியிட்டது. ஸ்டான்லி குப்ரிக் 1987இல் எடுத்த ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ படத்தில், வியட்நாம் போர்க்களத்தில் பதுங்கிக் கிடக்கும் சிப்பாய்களைப் படம்பிடித்தபடி தொலைக்காட்சிக் குழு நகரும்போது இந்தப் பாட்டு ஒலிக்கிறது. ஒரு வேடிக்கைப் பாட்டு இவ்வளவு குரூரமாக ஒலிக்க முடியும் என்று அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. 2008இல் ‘ஃபேமிலி கை’ கார்ட்டூன் தொடரின் நாயகன் இந்த இசைத்தட்டே கதியென்று கிடந்து வீட்டாரைப் படாதபாடு படுத்தினான். அதன் வழியாகப் பாட்டு இன்னொரு தலைமுறையின் காதில் விழுந்தது. 2010 கிறிஸ்துமஸ் வாரத்தில், இணையப் பிரசாரம் ஒன்றின் பலத்தால் பிரிட்டன் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. வாரர் அதைப் பார்க்க இல்லை, 1989இலேயே இறந்துவிட்டார்.

ஆசிரியர் யார் என்ற சர்ச்சையும் உண்டு. முதல் தட்டுகளில் வாரரின் பெயர் மட்டுமே இருந்தது. ரிவிங்டன்ஸ் தரப்பு வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்த பிறகே, நியாயமாகச் சேர வேண்டிய இடத்துக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது. ரமோன்ஸ் தட்டில் இந்தப் பாட்டுக்கு எதிரே இருப்பவை ஃபிரேசியர், வைட், ஹாரிஸ், வில்சன் என்ற அந்த நால்வரின் பெயர்கள்தான்.