கட்டு இலவசம், போன கூலியை யார் தருவார்?

அரசு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடப் பணம் வாங்குவதில்லை. ஆனாலும், காலில் ஆறாத புண் வந்தால் கூலிக் குடும்பம் கடனில் விழுகிறது. ஏன்?

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றச் சொன்னால், மாதத்துக்கு 15 நாள் போக வேண்டும். நடக்க முடியாதவரோடு மகனோ மருமகளோ துணைக்குப் போகிறார்கள். நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்தாலும், துணைக்குப் போனவரின் இழப்பு மட்டும் 4,500 ரூபாய். புண் வந்தவருக்கோ மாதம் முழுவதும் வேலை இல்லை. ஆட்டோ செலவு தனி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கைகொடுக்கும். போன கூலிக்கு அதில் இடமில்லை. அதனால்தான், "வலி இல்லையே" என்று பலர் புண்ணோடு களை எடுக்கப் போகிறார்கள்.

வலி இல்லாததுதான் ஆபத்து. நாள்பட்ட சர்க்கரை நோய் கால் நரம்புகளைக் கெடுத்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது. புண்ணின் மீதே மிதித்து நடந்தால் அது ஆறாது. சீழ் எலும்புவரை போனால் விரலையோ காலையோ எடுக்க நேரிடும். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளிடம் இதையே கண்டார். சதை தானாக அழுகுவதில்லை. உணர்ச்சி இல்லாத காலில் மீண்டும் மீண்டும் படும் காயமே காரணம் என்றார். மென்மையான ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பை இன்றும் மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஆக, செருப்பும் ஒரு மருந்து. அந்த மருந்தைத்தான் ஊர்த்தெருவில் கழற்றிக் கையில் எடுத்துப் போகச் சொன்னது சாதி. பொது இடத்தில் தலித்துகள் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதன் பிறகும், திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் ஒரு தெருவில் தலித் மக்கள் செருப்போடு நடக்க 2023 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கட்டு மாற்றும் செவிலியரும் அதேபோலக் காலனிக்கு வர வேண்டும். மரத்துப்போன காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விலையின்றிக் கிடைக்க வேண்டும். கிராம சபையில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவரின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் தெரிந்தால் சுண்ணாம்போ மஞ்சளோ வைக்க விடாதீர்கள். பிளேடால் காய்ப்பை வெட்ட விடாதீர்கள். மறுநாள் காலையே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அன்று ஒரு நாள் கூலி போகும், கால் தப்பும்.