பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண்

எடை ஏறக்குறைய 25 கிராம். நம் பத்து ரூபாய் நாணயங்கள் மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் கையில் உணரும் கனம். ரோமானியர்கள் இந்தக் காசை செஸ்டெர்டியஸ் என்றார்கள். வெண்கலக் காசு என்று சொல்லிப் பழகிவிட்டோம்; உண்மையில் இது பித்தளை, செம்போடு துத்தநாகம் சேர்ந்தது. அச்சிலிருந்து புதிதாக விழுந்தபோது பொன்போல மின்னியிருக்கும். மண்ணுக்குள் கிடந்து களிம்பேறிப் பச்சையாகிவிட்டது.

கி.பி. 71இல் ரோமில் அடித்த காசு இது. முன்பக்கம் பேரரசர் வெஸ்பாசியன். தடித்த கழுத்து, ஏறிய நெற்றி, சுருக்கம் விழுந்த முகம். அவரை அழகனாக்க அச்சு வெட்டியவர் முயலவே இல்லை. 69ஆம் ஆண்டில் மட்டும் ரோமில் நான்கு பேர் அடுத்தடுத்து ஆட்சியில் இருந்தார்கள், நான்காமவர் இவர். அரச குலத்தில் பிறக்காதவர். முன்பு ஆண்ட நீரோவின் ஆடம்பரத்தைக் கண்டு அலுத்த ஊருக்கு, உழைத்துக் களைத்த முகமே நம்பிக்கை தந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காசைத் திருப்பினால் நடுவில் ஒரு பேரீச்ச மரம். இடப்பக்கம் பேரரசர், கையில் ஈட்டி, கீழே கிடக்கும் தலைக்கவசத்தின் மேல் ஒரு கால். வலப்பக்கம் ஒரு பெண், தலையைக் கையில் தாங்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் எழுத்து: 'யூதேயா கேப்டா', அதாவது யூதேயா பிடிபட்டது. அந்தப் பெண்தான் யூதேயா, யூதர்களின் நாடு. ஒரு நாட்டின் துயரம் முழுவதும் கட்டைவிரல் நகம் அளவு உருவத்துக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு பொய் உண்டு. யூதேயா கி.பி. 6இலேயே ரோமின் மாகாணமாகிவிட்டது. 70இல் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் ஜெருசலேமை வீழ்த்திக் கோயிலை அழித்தது, சொந்த மாகாணத்தின் கிளர்ச்சியை அடக்கிய செயல்தான். காசு அதைப் புதிதாக வென்ற நாடுபோலக் காட்டுகிறது. புதிய குடும்பத்துக்கு ஒரு பெரிய வெற்றி தேவைப்பட்டது.

இந்த வெற்றியைக் கொண்டாடும் டைட்டஸின் வளைவைப் பார்க்க ரோமுக்குப் போக வேண்டும். காசோ ஆளைத் தேடி வரும். பாம்பேய் மதுக்கடை ஒன்றின் சுவரில் விலை எழுதியிருக்கிறது: சாதாரண மது ஒரு அஸ், உயர்ந்த ஃபலேர்னிய மது நான்கு அஸ். நான்கு அஸ் சேர்ந்தால் ஒரு செஸ்டெர்டியஸ். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மதுவுக்குக் காசை நீட்டும்போது அந்தப் பெண்ணைத் தொட்டிருப்பார்.

அறுபது ஆண்டு கழித்து, 132இல், பார் கோக்பா தலைமையில் யூதர்கள் மறுபடி எழுந்தார்கள். அவர்கள் புதுக்காசு வார்க்கவில்லை. புழக்கத்தில் இருந்த ரோமானியக் காசுகளையே எடுத்து, வெண்கலக் காசாக இருந்தால் பேரரசரின் முகத்தை அராவியும் தட்டியும் மழுக்கி, அதன்மேல் தங்கள் அச்சை அடித்தார்கள். பழைய எபிரேய எழுத்தில் 'ஜெருசலேமின் விடுதலைக்காக' என்று பொறித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த உருவங்களில் ஒன்று ஏழு கிளையுள்ள பேரீச்ச மரம், இருபுறமும் காய்க்குலை தொங்க. இந்த மரத்தடியில் அழுபவள் இல்லை.

அந்தக் கிளர்ச்சி 135இல் நசுக்கப்பட்டது. மிஞ்சிய காசுகள் சிலவற்றைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், புது அச்சுக்கு அடியில் சரியாக அழியாத ஒரு ரோமானிய முகத்தின் கோடு இன்னும் தெரிகிறது.