செத்த ஃப்ளாப்பி டிரைவுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்

திண்டிவனம் செஞ்சி ரோட்டில் எங்க சித்தப்பா டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, மயிலம் பங்குனி உத்திர நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில்தான். 1998-இல் வாங்கிய பென்டியம். கடை மூடியபின் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

போன மாசம் ஒரு கூத்து வாத்தியார் வீடு தேடி வந்தார். 2001-இல் அவர் சொல்லச் சொல்ல சித்தப்பா அடித்துக் கொடுத்த கூத்துப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டதாம். "கம்ப்யூட்டர்ல இருக்குமே தம்பி?"

பெட்டியைப் போட்டால் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்றது. உடனே அணைத்துவிட்டேன். இப்படிச் சத்தம் போடும் டிஸ்க்கை ஓடவிட்டுப் பார்ப்பது தப்பு. கழற்றி, யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, 4.3 ஜிபியையும் ஒரே மூச்சில் முழு நகல் எடுத்தேன். பிரதி அதில் இருந்தது. ஆனால் திறந்தால் கொக்கிகொக்கியாக என்னவோ. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. அதற்கு முன்னால் ஆளுக்கொரு குறியீடு, பின்னாலும் பலர் மாறவில்லை. சித்தப்பாவின் மென்பொருள் அந்த ரகம். அதோடு பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் செருகினால்தான் ஓடும். ஆக, அந்தப் பெட்டியையே எழுப்பியாகணும்.

கையில் இருந்தது பழைய லேப்டாப்பின் இரண்டரை இஞ்ச் டிஸ்க், 6 ஜிபி. சின்னதாக இருந்ததே நல்லது. அந்தக் காலத்து பயாஸ் பலதும் 8.4 ஜிபிக்கு மேல் பார்க்காது. மாட்டுவதுதான் பிரச்சினை. மூன்றரை இஞ்ச் டிஸ்க்கின் அகலம் 101.6 மில்லிமீட்டர், இதற்கோ 69.85. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 16 மி.மீ. காற்று. முதலில் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினேன். நம்ம ஊர் வெயிலுக்கு மூன்றாம் நாளே இளகித் தொங்கியது.

அப்புறம்தான் செத்த ஃப்ளாப்பி டிரைவ் ஞாபகம் வந்தது. அதுவும் 101.6 அகலம்தான். உள்ளே இருந்ததை எல்லாம் பிடுங்கினால் ஒரு தகரத் தட்டு மிஞ்சும். டிஸ்க்கின் அடியில் நாலு துளை, அகலவாக்கில் 61.7, நீளவாக்கில் 76.6 மி.மீ. இடைவெளி. அட்டையில் குறித்துத் தட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு துளை மோட்டார் இருந்த ஓட்டைக்கு மேலே, அந்தரத்தில்! அலுமினியம் பார்ட்டிஷன் போடும் கடையில் கழிவாகக் கிடந்த பட்டை இரண்டு வாங்கி, குறுக்கே பாலம் மாதிரி வைத்து ரிவெட் அடித்தேன். துளை போடுவதைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்க. ஒரு அலுமினியச் சீவல் போர்டில் விழுந்தால் போதும், கதை முடிந்தது.

திருகு விஷயத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. பெரிய ஹார்ட் டிஸ்க் அமெரிக்க இஞ்ச் கணக்கு: 6-32, அதாவது ஒரு இஞ்சுக்கு 32 மரை. ஃப்ளாப்பி, சிடி டிரைவ், லேப்டாப் டிஸ்க் எல்லாம் மெட்ரிக் எம்3. எம்3-ஐ 6-32 துளையில் போட்டால் லொடலொடன்னு ஆடும். 6-32-ஐ எம்3-இல் முறுக்கினால் மரையே போச்சு. நீளமும் முக்கியம்: லேப்டாப் டிஸ்க்குக்குள் 3 மி.மீ.க்கு மேல் இறங்கவிடாதீங்க. என்னிடம் இருந்தது நீளத் திருகு. வெட்டி அரம் போடச் சோம்பல், அதனால் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷர் கொடுத்தேன். நீளம் அடங்கியது, டிஸ்க்கின் சர்க்யூட் போர்டும் தகரத்தைத் தொடாமல் எழும்பி நின்றது.

இனி ஒயர். லேப்டாப் ஐடிஇ 44 பின், கரண்டும் அதிலேயே வரும்; பெட்டியில் இருப்பது 40 பின் கேபிள். நடுவில் அடாப்டர் வேணும். ஒரு வரிசை தள்ளிச் செருகினால் டிஸ்க் புகைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் நாலு ஜம்பர் பின்னைச் சேர்த்து எண்ணிவிடாதீங்க. நான் மூன்று தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன்.

நகலை டிஸ்க்கில் இறக்கி, தட்டைக் காலி ஃப்ளாப்பி இடத்தில் தள்ளி, பக்கத்தில் நாலு எம்3 முறுக்கினேன். விண்டோஸ் 98 வந்தது, டாங்கிளும் ஏற்றுக்கொண்டது. பிரதியை அச்சடித்து வாத்தியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி முதல் பக்கத்தை முணுமுணுத்துப் பாடிப் பார்த்தவர், "இங்க ஒரு வரி விட்டுப்போச்சே" என்றார். பேனா கேட்டு அங்கேயே எழுதினார். அதையும் சேர்த்து இப்போது யூனிகோடில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.