முட்டி வீங்கினால் தொடை ஏன் வேலை செய்ய மறுக்கிறது?

கொல்கத்தாவின் கிடர்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மைதானத்தில் மழைச்சேற்றில் பந்தாடியபோது சட்டென்று திரும்பினேன். முட்டிக்குள் ‘டப்’ என்று கேட்டது. ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இரண்டு வாரமாகிறது; வலி குறைந்தும் தொடைத் தசை இறுகவே மாட்டேன் என்கிறது. உடனே ஆபரேஷன் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?”

பாதி விடை அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் மூட்டுக்குள் பெரும்பாலும் ரத்தம். முன் குறுக்கு ஜவ்வான ஏ.சி.எல். அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். 2023 செப்டம்பரில் தாய்லாந்து கிங்ஸ் கோப்பையில், அப்போது மோகன் பகான் வீரராக இருந்த ஆஷிக் குருணியனுக்கு அறுந்ததும் இதுவே. மறுநாள் காலையில் மெதுவாக வீங்கினால் குருத்தெலும்புத் தட்டு கிழிந்திருக்கலாம். எக்ஸ்ரே எலும்பை மட்டுமே காட்டும். அது சுத்தமாக இருப்பதால் ஜவ்வு பிழைத்ததாகாது.

ஜவ்வை அறியத் தேர்ந்த கை போதும். முட்டியை 20 முதல் 30 பாகை மடக்கி, தொடையைப் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை முன்னால் இழுக்க வேண்டும். ‘டக்’கென்று நின்றால் ஜவ்வு இருக்கிறது, நிற்காமல் வந்தால் இல்லை. 1875-இல் பாரிஸில் நூலிஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்த இந்தச் சோதனையை, 1976-இல் அமெரிக்க மருத்துவர் லாக்மன் பெயரில் உலகம் ஏற்றது. வரலாறு இவ்வளவு போதும்.

தொடைக்கு வருவோம். காயமே இல்லாத முட்டிக்குள் உப்புநீர் செலுத்திப் பார்த்தார்கள். 1984-இல் வெளியான முடிவின்படி, 20, 30 மில்லி சென்றதுமே தொடையின் உள்பக்கத் தசை தளர்ந்தது. மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்ததும் சென்சார் மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டாரும் பழுதில்லை, வயரும் அறவில்லை. கீழே நின்று எத்தனை முறை ஸ்விட்சைத் தட்டினாலும் ஓடாது. மூட்டுப்பை விரிந்ததை அங்குள்ள நரம்பு முனைகள் உணர்ந்து சொல்ல, தண்டுவடம் தொடைக்குப் போகும் கட்டளையை அடக்கிவிடுகிறது. தொட்டியில் நீர் இறங்கியும் சென்சார் ஒட்டிக்கொண்டே கிடப்பதுண்டு. முட்டியிலும் வீக்கம் வற்றிய பிறகு பல மாதம் அந்தத் தடை நீடிக்கிறது. அதற்குள் தசை சூம்பிவிடும். இது சோம்பலும் இல்லை, மனத்திடக் குறைவும் இல்லை.

எனவே முதல் சிகிச்சை வீக்கத்தை இறக்குவது: கட்டு, காலை உயர்த்தி வைத்தல், துணி சுற்றிய ஐஸ் 20 நிமிடம். ஐஸ் வலியை மட்டும் குறைப்பதில்லை; அந்தத் தடையையும் சற்று நேரம் தளர்த்துகிறது. அந்த இடைவெளியில் தொடையை இறுக்கிப் பழகுவது நல்ல உத்தி. எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம்.

ஆபரேஷன்? ஸ்வீடனில் ஏ.சி.எல். அறுந்த 121 பேரை இரு பிரிவாக்கினார்கள். முதலில் உடற்பயிற்சி மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐந்து ஆண்டுகளிலும் கத்தி தேவைப்படவில்லை. உடனே அறுத்துக்கொண்டவர்களின் முட்டி அவர்களுடையதைவிட மேலாகவும் இல்லை. தொழில்முறை வீரர்கள் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே ஊசியில் ஜவ்வு ஒட்டும் என்ற விளம்பரத்துக்கு இத்தகைய சான்று எதுவும் கிடையாது.

பாதம் சில்லிட்டாலோ மரத்தாலோ, முட்டி இடம் பெயர்ந்திருந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். முட்டிக்குப் பின்னுள்ள ரத்தக்குழாய் அறுந்திருந்தால் சில மணி நேரத்தில் காலே போய்விடும். நீட்ட முடியாமல் முட்டி பூட்டிக்கொண்டாலும் விரைந்து காட்டுங்கள். இவை இல்லையென்றால் கிடர்பூர் நண்பரே, எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். எலும்பு மருத்துவரின் கை உங்கள் முட்டியை இழுத்துப் பார்க்கட்டும். பிறகு சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள். ஆபரேஷனை அதன்பின் முடிவு செய்யலாம்.